கெழுத்தி அறைக்கு வந்தவர்கள்

தில்லைத்துறையில் படுக்கை விரிப்புக்குக் கஞ்சி போடுகிற வீடு கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் ஆளே படுக்காத விரிப்புகள். இமெல்டா அவற்றைக் கட்டில்களிலிருந்து உரித்தெடுத்துத் தோய்த்து, கஞ்சியில் அலசி, தெருவைப் பார்த்த கொடியில் வரிசையாகத் தொங்கவிடுவாள். பின்னேரம் மடித்து மறுபடி அதே கட்டில்களில் விரிப்பாள். அடுத்த வளவுப் பீற்றிஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

"என்னகா, ராவைக்குப் பேய் வந்து படுத்ததா?"

"பேயெண்டாலும் படுக்கட்டும். தெருவால போறவனுக்கு ஆளிருக்கிற மாதிரித் தெரிஞ்சாப் போதும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அந்தத் தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாக இராணுவ முகாமோடு சேர்ந்துகொண்டிருந்தன. யாரும் அடித்துப் பறித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் வந்து பார்ப்பார்கள். ஆளில்லை. மறுநாள் மணல் மூட்டை வந்து இறங்கும். அதற்கடுத்த கிழமை முற்றத்துத் தென்னை தறிபட்டுப் பதுங்குகுழிக்குக் கூரையாகியிருக்கும்.

தில்லைத்துறையை ஊர் என்பது கொஞ்சம் கூடத்தான். மட்டக்களப்பு வாவியின் ஓரமாகப் போகிற ஒரு தெரு. தெருவின் வாவிப் பக்கத்தில் விடுதிகள், மற்றப் பக்கத்தில் அந்த விடுதிகளில் சமைத்தும் தோய்த்தும் தோணி வலித்தும் சீவித்தவர்களின் வீடுகள். அறுபதுகளில் மலைநாட்டுத் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் குளிர் தாங்காமல் வந்து ஒரு மாதம் தங்கிப் போனாராம். அடுத்த வருடம் தன் சிநேகிதர்களையும் கூட்டிவந்தாராம். பிறகு கொழும்புக் குடும்பங்கள் வந்தன. சித்திரையில் தொடங்கி ஆவணி வரைக்கும் சீசன். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவார்கள்; புதுமணத் தம்பதிகள் வருவார்கள்; நிலவுக் காலத்தில் தோணியேறி வாவிக்குள் போய் வருவார்கள். ஐப்பசி மழை தொடங்கினால் ஒரு குருவியும் வராது. தில்லைத்துறைக்காரர் அப்போதுதான் கூரை வேய்வார்கள், சம்பந்தம் பேசுவார்கள், ஒருவரோடொருவர் சண்டை பிடிப்பார்கள்.

இமெல்டா தன்னாமுனையில் பிறந்தவள். அவளுடைய அண்ணன் சில்வெஸ்டர் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் பரிமாறுகிறவனாக இருந்து, அங்கு கண்டதையெல்லாம் மனதில் சுருட்டிக்கொண்டு வந்து, தில்லைத்துறையில் ஒரு பழைய பங்களாவை வாங்கினான். 'லேக் ரெஸ்ற்' என்று பலகை அடித்தான். ஊரார் அந்தப் பெயரை வாயில் வைக்கவில்லை; அவர்களுக்கு அது வாடிவீடு. சமைக்க ஆள் கிடைக்கும் வரை ஒரு கிழமை நிற்கச் சொல்லித் தங்கையைக் கூட்டிவந்தான். அந்தக் கிழமை முடியவேயில்லை. கலியாணம் பேச வந்தவர்கள்கூட அவளுடைய நண்டுக் கறியைப் புகழ்ந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

விடுதியில் ஐந்து அறைகள். இலக்கம் போடுவது சிறைச்சாலைக்குத்தான் சரி என்று சொல்லி, சில்வெஸ்டர் வாவி மீன்களின் பெயரை வைத்தான்: கொடுவா, ஓரா, மணலை, செப்பலி, கெழுத்தி. கெழுத்தி, சமையல் நடக்கிற குசினியோடு ஒட்டிய சின்ன அறை. சீசன் உச்சத்தில்தான் அதற்கு ஆள் விழும்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி தெருவிலிருந்த ஓடுகளை அள்ளி வாவிக்குள் போட்டது. அடுத்த சித்திரைக்குள் லேக் ரெஸ்ற் கிடுகுக் கூரையோடு திறந்துவிட்டது. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்காரர் வரவில்லை. ஊர்க் கலியாணத்துக்கு வந்தவர்கள், வங்கிக்கு மாற்றலாகி வந்தவர்கள் என்று இழுத்துப் பறித்து ஓடியது. தொண்ணூறில் சில்வெஸ்டர் மனைவி பிள்ளைகளோடு கனடாவுக்குப் போனான். போகும்போது அறைச் சாவிகள் தொங்கிய திறப்புக் கோர்வையைத் தங்கையிடம் கொடுத்து, "பூட்டிப்போட்டுத் தன்னாமுனை ஊட்ட போ, தங்கச்சி. நிலைமை சரிவந்த பிறகு பாப்பம்" என்றான்.

அவள் பூட்டவில்லை. நிலைமை சரிவரும் வரைக்கும் கதவு பொறுத்திருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம்.

பயணிகளாக வராதவர்கள் முதன்முதலில் வந்தது வெளிச்சம் மங்கிய ஒரு மம்மல் பொழுதில்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும்புகிற கரையும் படுகிற கரையும். யுத்தம் தொடங்கிய பிறகு அந்தப் பெயர்களுக்கு வேறு பொருளும் சேர்ந்தது. பட்டினமும் ஆசுப்பத்திரியும் இந்தப் பக்கம், இராணுவத்தின் கையில். வயல்களும் மாடுகளும் அந்தப் பக்கம், இயக்கத்தின் கையில். வவுணதீவுப் பக்கத்துச் சோதனைச்சாவடியால்தான் வந்து போக வேண்டும். பொழுது சாய்ந்தால் அது பூட்டு. வலி பகலில்தான் வர வேண்டும் என்று வயிற்றுப் பிள்ளைக்கு யாரும் சொல்லிவைக்க முடியாது. இரவில் வலி கண்டு, விடியும் வரை சாவடிக்கு அங்கால் மாட்டுவண்டியில் கிடந்து, விடிந்தபோது தாயோ பிள்ளையோ இல்லாமல் போன கதைகள் படுவான்கரையில் ஒவ்வொரு ஊருக்கும் இருந்தன.

அன்றைக்கு வந்தவளுக்குப் பேற்றுக்கு இன்னும் நாளிருந்தது. ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டு, வலி வந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் போவதற்குள் சாவடி பூட்டிவிட்டது. புருசன் பலகையைக் கண்டு வாசல் படலையில் நின்று கேட்டான்.

"அக்கே, இது வாடிவீடுதானே? ஓரமா ஒரு பாய் போடுறதுக்கு இடம் தருவியளா?"

இமெல்டா அவளைப் பார்த்தாள். அவளுடைய வீங்கிய கால்களைப் பார்த்தாள்.

"பாய் போடுற இடமில்ல இது. கட்டில்தான் இரிக்கி. கொடுவா அறைக்கு வாங்க."

பிள்ளை பிறக்கும் வரை அவள் அங்கேயே இருந்தாள். சேதி வாவியைக் கடந்து போயிற்று. பிறகு மாதம் நெருங்கியவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். அரிசி, தயிர்ச்சட்டி, விறகு, கருவாடு என்று கையில் எது இருந்ததோ அதைக் கொண்டுவந்தார்கள். இமெல்டா வாங்கிக் குசினியில் வைத்தாள். ஆனால் ஒரு விசயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. யாராவது "அக்கா, இந்த மடத்துல…" என்று வாயெடுத்தால் முகம் சிவந்துவிடும்.

"மடமுமில்ல, ஆசுப்பத்திரியுமில்ல, அகதி முகாமுமில்ல. இது ஹொலிடே பங்களா. நீங்க கெஸ்ற். விளங்கினதா?"

விடியற்காலையில் கோப்பையும் தட்டுமாக அறைக் கதவைத் தட்டி, கட்டிலுக்கே தேத்தண்ணி கொண்டுபோவாள். வாழ்நாளில் தனக்கென்று ஒருவர் தேத்தண்ணி ஊற்றித் தந்ததைக் காணாத பெண்கள், வாரிச் சுருட்டிக்கொண்டு எழும்பப் பார்ப்பார்கள். "படுங்க" என்று அதட்டுவாள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் பழகிவிட்டது. அறையின் பெயரே ஆளின் பெயரும் ஆயிற்று. குசினிக்குள் ஒருத்தி ஓடிவந்து, "அக்கா, மணலைக்கு வலி வந்திட்டு" என்பாள். "மணலைக்கா? முந்த வேண்டியது ஓராவெல்லோ?" என்று இன்னொருத்தி சிரிப்பாள்.

கண்ணகை வந்தபோது கெழுத்தி மட்டும்தான் வெறுமையாக இருந்தது. வவுணதீவுக்கு அங்கால் வயல் செய்கிற கனகசிங்கத்தின் மனைவி அவள். மெலிந்த உடம்பு, பெரிய வயிறு, அதைவிடப் பெரிய வாய்.

"கெழுத்தியா? முள்ளுக் குத்தாதா?"

"உன்ட நாக்கை விடக் குத்தாது. உள்ளுக்குப் போ, புள்ள."

அதே கிழமைதான் முகாமுக்குப் புதிய அதிகாரி ஒருவர் வந்தார். தெருவில் கடைசியாக மிஞ்சிய இந்தக் கட்டடம் அவருடைய கண்ணில் பட்டது. வாவி தெரிகிற விறாந்தை, நல்ல கிணறு. "உல்லாசப் பயணிகள் இல்லாத இடத்தில் விடுதி எதற்கு? பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம்" என்று சிங்களத்தில் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை பட்டினத்துத் தொலைபேசிக் கடையில் சில்வெஸ்டரின் அழைப்புக்குக் காத்திருந்து இமெல்டா விசயத்தைச் சொன்னாள். அவன் எப்போதும் போல இரண்டு தரம் "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திவிட்டுச் சொன்னான்:

"குடு தங்கச்சி. நாசமாப் போன கட்டடம். இங்க நியூசுல மட்டக்களப்பெண்டு ஒரு சொல்லு வந்தா அண்டைக்கு எனக்கு நித்திரையில்ல. நீ உசிரோட இரி, அது போதும்."

"குடுத்தா இந்தப் புள்ளயள் எங்க அண்ண படுக்கும்?"

"அது உன்ட பாடா?"

"மறுகா ஆர்ட பாடு?" என்று கேட்டுவிட்டு அவள் கருவியை வைத்தாள்.

அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்தபோது பகல் சாப்பாடு முடிந்திருந்தது. எல்லோரையும் அடையாள அட்டையோடு விறாந்தைக்கு வரச் சொன்னார். ஐந்து கர்ப்பிணிகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கண்ணகை தண்ணீர்ச் செம்போடு கடைசியில் நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, தூணில் சாய்ந்தாள். ஒரு சிப்பாய், மீசை சரியாக அரும்பாத பொடியன், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்திலிருந்த பிரம்புக் கதிரையைக் காலால் அவள் பக்கம் தள்ளிக் கையைக் காட்டினான்.

"வாடி வென்ன. வாடி வென்ன, அக்கே."

செம்புத் தண்ணீர் முழுவதும் அவனுடைய முகத்தில் விழுந்தது.

"ஆரைப் பாத்து வாடி எண்டாய்? ஆ? உன்ட தாயை வாடி எண்டுவியா நீ?"

மற்றச் சிப்பாயின் துவக்கு மேலே எழும்பியது. மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற பொடியனுக்கு என்ன பிழை செய்தோம் என்று விளங்கவில்லை. இமெல்டா துவக்குக்கும் கண்ணகைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"புள்ள, அவன் உன்னை இருக்கச் சொல்லுறான். சிங்களத்துல வாடி வென்ன எண்டா இரிங்க எண்டு அருத்தம். மரியாதையான சொல்லு. கொழும்புக் கெஸ்ற்றுகளுக்கு நான் எத்தினை வருசம் சொன்ன சொல்லு!"

பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, சீசன் காலத்தில் பழகிய சிங்களத்தில், "சேர், தமிழில் அந்தச் சொல்லைப் புருசன்தான் பெண்சாதியிடம் சொல்வான், அதுவும் கோபத்தில்" என்றாள்.

கண்ணகை பொடியனையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெய்யாலுமா, அக்கா? இது என்ன பாசை! என்ட மனிசனே ஒரு நாளும் என்னை வாடி எண்டதில்ல. சொன்னா அண்டைக்குச் சோறில்லையெண்டு அவருக்குத் தெரியும்."

இமெல்டா அதையும் மொழிபெயர்த்தாள். பொடியன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்தான். துவக்கு இறங்கியது. கண்ணகை கதிரையில் இருந்தாள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"இது விடுதி என்றாய். இவர்கள் நோயாளிகள்" என்றார்.

"பிள்ளைப்பேறு நோயில்லை, சேர்."

"உல்லாசப் பயணிகள் எங்கே?"

"வீட்டை விட்டு வருகிறார்கள். சாப்பிடுகிறார்கள், நித்திரை கொள்கிறார்கள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், போகிறார்கள். உங்கள் கொழும்புக்காரர்கள் இங்கே வந்து இதைவிட வேறென்ன செய்தார்கள்?"

அவர் அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: அறையில் தங்குகிறவர் இருக்கும் வரை இது விடுதி. யாரும் இல்லாத நாளில் அவர் வந்தால் திறப்பு அவருடையது. வருகிற நாளைச் சொல்ல மாட்டார்.

"சரி, சேர்" என்றாள் இமெல்டா.

அவர்கள் படலையைத் தாண்டியதும் கண்ணகை கேட்டாள், "என்னவாம்?" இமெல்டா சொன்னாள். கண்ணகை வயிற்றைத் தடவிக்கொண்டு, "அப்ப எங்கட ஆக்கள் ஓயாமப் பெறத்தான் வேணும்" என்றாள். ஐந்து பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

கண்ணகைக்குப் பெண் பிள்ளை. நல்லபடியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மழை அந்த வருடம் மார்கழியில் பிடித்தது, விடவில்லை. படுவான்கரையின் தெருக்கள் தண்ணீருக்குள் போயின. வயல் வட்டைகளும் குளங்களும் ஒன்றாகிவிட்டன என்று, கடைசியாகக் கடந்துவந்த தயிர்க்காரர் கந்தப்போடி சொன்னார். மாதம் நெருங்கியவர்கள் எப்படி வருவார்கள்? விடுதியில் இருந்த கடைசிப் பெண்ணும் பிள்ளையோடு அவருடன் புறப்பட்டுவிட்டாள். ஐந்து அறையும் வெறுமை.

"அக்கே, முகாம்காரன் வந்தா என்ன செய்வியள்?" என்று புறப்படும்போது கந்தப்போடி கேட்டார்.

"திறப்பைக் குடுக்க மாட்டன்."

"அது சரி. வேற?"

மழையில் விரிப்பைக் கொடியில் போடவும் முடியாது. பீற்றிஸ் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, "நான் வந்து படுக்கிறன்கா, கெஸ்ற்றெண்டு சொல்லு" என்றாள்.

"உன்னை அவனுக்குத் தெரியாதா? உன்ட கோழி அவன்ட ஜீப்புக்குக் குறுக்க ஓடின நாளிலயிருந்து உன்ட பேர் முகாம் முழுக்கத் தெரியும்."

இருவரும் குசினியில் இருந்து மழையைப் பார்த்தார்கள். வாகனச் சத்தம் கேட்டபோதெல்லாம் இமெல்டா எழும்பி நின்றாள்.

மூன்றாம் நாள் காலையில் படலையைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். இடுப்புக்குக் கீழே சேறு. ஆணின் தலையில் ஓலைக் கடகம், கடகத்தின் மேல் பொலித்தீன், பொலித்தீனுக்குள் பிள்ளை. பெண், கண்ணகை.

"என்ன புள்ள! பிள்ளைக்குச் சுகமில்லையா?"

"ஆரு சொன்ன? அவ நல்லா இரிக்கா. நாங்க ஹொலிடேக்கு வந்தம்."

அறைகள் வெறுமை என்று கந்தப்போடி சேதி சொன்னாராம். உழவு இயந்திரத்தில் பாதி வழி, தண்ணீருக்குள் மீதி வழி. சாவடியில், ஆசுப்பத்திரியா, சந்தையா, செத்த வீடா என்று கேட்டார்களாம். கனகசிங்கம், மனைவி சொல்லிக்கொடுத்தபடி, "ஹொலிடே" என்றானாம். கேட்டவன் நம்பாமல் மற்றவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் இன்னொரு தரம் சொல்லச் சொன்னானாம். எல்லோரும் சிரித்து முடித்து, விட்டுவிட்டார்கள்.

"கொடுவா அறை வெறுமையா இரிக்கி, வாங்க" என்றாள் இமெல்டா. கடகத்தை இறக்கக் கை கொடுத்தாள்.

கண்ணகைக்கு உல்லாசம் சுலபமாக வந்தது. கட்டிலில் சாய்ந்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்து, தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்றும் சொன்னாள். கனகசிங்கத்தோடுதான் பாடாகப்போயிற்று. சாய்மனைக் கதிரையில் இரு என்றால் விளிம்பில் குந்தினான். சற்றுக் கண் மறைந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடைபட்ட வாய்க்காலை வெட்டப் போனான். இமெல்டா மண்வெட்டியைப் பறித்துக் குசினிக்குள் ஒளித்தாள்.

"தம்பி, கெஸ்ற் வாய்க்கால் வெட்டுறதில்ல."

"சும்மா இருந்தா மேலெல்லாம் கடிக்கிது, அக்கே. எப்பிடித்தான் இருந்தாங்களோ அந்தச் சனம்!"

மறுநாள் ஜீப் வந்தது.

கனகசிங்கம் அப்போதுதான் சாய்மனையில் கால் நீட்டியிருந்தான். சீருடையைக் கண்டதும் உடம்பு தானாக எழும்பப் பார்த்தது. படுவான்கரையில் எந்த ஆண்மகனுக்கும் அது பழகிப்போன விசயம்: சிப்பாயைக் கண்டால் எழும்பு, மடித்த சாரத்தை இறக்கு, அட்டையை எடு. உள் வாசலில் நின்ற இமெல்டா அவனைப் பார்த்து, எழும்பாதே என்று மெல்லத் தலையாட்டினாள். எழும்பினால் அவன் வயல்காரன். எழும்பாவிட்டால்தான் விருந்தாளி. எழும்பாவிட்டால் வேறென்னவும் நடக்கலாம்.

அவன் எழும்பவில்லை. கதிரைச் சட்டத்தைப் பிடித்த கைவிரல்கள் வெளுத்திருந்தன.

அதிகாரி அவனுக்கு மேலே நின்றார்.

"நீ யாரு?" என்று தமிழில் கேட்டார்.

"கெஸ்ற், சேர்."

"எதுக்கு வந்தது?"

"ஹொலிடேக்கு."

"இந்த வெள்ளத்திலா?"

கனகசிங்கம் அதற்கு மட்டும் யாரும் சொல்லித்தராத பதிலைச் சொன்னான். "வெள்ளத்திலதான் சேர் எங்களுக்கு லீவு. மற்ற நாளில வயல் விடாது. விதைச்சதெல்லாம் தண்ணிக்குள்ள அழுகுது. அங்க குந்தியிருந்து பாக்கிறதை இங்க இருந்து பாக்கிறன்."

இமெல்டா அதைச் சிங்களத்தில் சொன்னாள், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதிகாரி உள்ளே போய்க் கொடுவா அறையை எட்டிப் பார்த்தார். கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பின் நடுவில் பிள்ளை நித்திரை. அதைச் சுற்றி ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. கண்ணகை படுத்தபடியே தலையைத் திருப்பி, "இரிங்க சேர்" என்றாள்.

அவர் இருக்கவில்லை. வெளியே வந்து, "இவர்கள் எத்தனை நாள்?" என்று இமெல்டாவைக் கேட்டார்.

"தண்ணீர் வற்றி அடுத்தவர்கள் வரும் வரைக்கும். முன்பதிவு."

அவர் மழைக்குள் இறங்கிப் போனார். ஜீப் தெருமுனையில் திரும்பும் வரை கனகசிங்கம் கதிரையை விடவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "வயல் வேலை இதைவிடச் சுகம், அக்கே" என்றான்.

தண்ணீர் இறங்கப் பல நாள் பிடித்தது. ஒரு பின்னேரம், சேறு காய்ந்த கால்களோடு, மாதம் நெருங்கிய ஒருத்தி படலையைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"அக்கா, இடமிரிக்கா?"

"இரிக்கி, வா புள்ள" என்று இமெல்டா சொல்லி முடிப்பதற்குள் கனகசிங்கம் துள்ளி எழும்பிவிட்டான். கடகத்தை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"அப்ப நாங்க போகலாம்தானே?"

"தேத்தண்ணி ஊத்தியாச்சு. குடிச்சிற்றுப் போங்க" என்றாள் இமெல்டா. அவன் தயங்கினான். அவள் கையை நீட்டிக் கதிரையைக் காட்டினாள். "காலை நீட்டி இருந்து குடிக்கணும்."